ஆசாரத்து பல்பு எரிந்ததா? தோட்டத்து வீட்டுக் கொலை வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விழுந்து, மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. முதல் அரை மணி நேரம் கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டு ஆசாரத்தில் (முன் கூடத்தில்) ஒரு பல்பு இருந்ததா, அன்று இரவு அது எரிந்ததா, எரிந்தது என்றால் பார்வை மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பில், ஏன் எழுதவில்லை என்று வாதம் ஓடுகிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். "எங்கய்யனைக் கடப்பாரையில அடிச்சுக் கொன்னுபோட்டானுங்க, இவங்க பல்பைப் பத்திப் பேசிட்டு இருக்கறாங்களே" என்று அவர் கேட்டால் அதில் தப்பே இல்லை.

அந்த பல்புக்கு ஏன் அவ்வளவு கனம் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். ஈரோட்டில் வக்கீல் தொழில் செய்கிறேன். மேல்முறையீட்டுக்கு வழக்குக் கட்டுகளைத் தயார் செய்து அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. பிறந்து வளர்ந்தது தோட்டத்து வீட்டில். அம்மா இன்னும் அங்கேதான் தனியாக இருக்கிறார். ஊர்ப்பக்கம் போனால் டீக்கடையில் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏந்தம்பி, இத்தனையும் பண்ணிப்போட்டு மேல்கோர்ட்டுக்குப் போனா உட்டுப்போடுவாங்களாமா?"

நான் பார்த்தவரை, அந்த வழக்கு சென்னையில் நிற்குமா விழுமா என்பது சம்பவம் நடந்த முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தோட்டத்திலும் ஸ்டேஷனிலும் அப்போது என்ன எழுதினார்களோ, எதை எழுதாமல் விட்டார்களோ, அதைத்தான் நீதிபதிகள் பல வருடம் கழித்துப் படிக்கிறார்கள்.

கொங்கு நாட்டில் குடியானவர்கள் நிறையப் பேர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. காட்டுக்குள்ளேயே, கிணற்றுக்கும் கட்டுத்தறிக்கும் பக்கத்தில் வீடு. அடுத்த வீடு இரண்டு காடு தள்ளி இருக்கும். நடுவில் இட்டேரி என்ற மண்தடம், இரண்டு பக்கமும் வேலி. ராத்திரி கத்தினாலும் ஆள் வந்து சேர நேரமாகும். பிள்ளைகள் கோயமுத்தூர், பெங்களூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது வயதான இரண்டு பேரும் ஒரு நாயும். 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே விளக்கேத்தியில் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அதற்கப்புறம் பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளாத தோட்டத்து வீடு எங்கள் பக்கம் இல்லை. அந்த வழக்குகளின் சாட்சியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. அவற்றை எடைபோட வேண்டியது நீதிமன்றம்.

விளக்குவதற்காக ஒரு வழக்கை நானே கற்பனையாகக் கட்டிக்கொள்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். எழுபது வயதுப் பெரியவர், அவர் மனைவி. ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு பேர் பின்பக்கம் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்குகிறார்கள். மூன்றாவது ஆள் இட்டேரியில் பைக்கோடு நிற்கிறான். பெரியவர் விழித்துச் சத்தம் போடுகிறார். தலையில் கடப்பாரை அடி, அங்கேயே உயிர் போகிறது. அம்மாவுக்குக் கையில் வெட்டு. மயங்கி விழுந்தாலும் பிழைத்துக்கொள்கிறார். தாலிக்கொடி, நான்கு வளையல், பீரோவில் இருந்த பணம் எல்லாம் போய்விடுகின்றன. பதினெட்டு நாள் கழித்து மூன்று பேரைக் கைது செய்கிறார்கள். அமர்வு நீதிமன்றம் மூவருக்கும் ஆயுள் தண்டனை கொடுக்கிறது.

இதில் எந்தப் பிரிவு என்பதிலிருந்தே மேல்முறையீட்டு வாதம் தொடங்கிவிடும். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்குப் பழைய சட்டத்தில் 302, புதியதில் 103. ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைவது தனிக் குற்றம். பொழுது விழுந்ததிலிருந்து பொழுது கிளம்பும்வரை சட்டத்துக்கு அது இரவுதான். அந்தக் காலத்தில் மண்சுவரில் கன்னக்கோல் போட்டதும், இன்றைக்கு ஓட்டைப் பிரிப்பதும், சுவர் ஏறிக் குதிப்பதும், பூட்டை உடைப்பதும் எல்லாம் இதில் அடங்கும்.

இதிலேயே 460 என்று ஒரு பிரிவு இருக்கிறது. புதிய சட்டத்தில் 331-இன் எட்டாவது உட்பிரிவு. ராத்திரியில் வீட்டை உடைத்து நுழையும்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன் வேண்டுமென்றே யாரையாவது கொன்றால், கொல்ல முயன்றால், கொடுங்காயம் செய்தால், அந்த உடைப்பில் கூட்டாக ஈடுபட்ட எல்லோருக்கும் ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்கிறது அது. கொலைக் குற்றத்தில் மூவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால், கொல்லும் பொது எண்ணம் மூவருக்கும் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். 460-க்கு அது தேவையில்லை. ஆகவே இட்டேரியில் பைக்கோடு நின்றவனின் வக்கீல் மேல்முறையீட்டில் முதலில் கேட்பது இதைத்தான்: "திருடப் போனது தெரியும், கொல்லப் போனது தெரியுமா?" கொலைக் குற்றத்திலிருந்து அவன் தப்பித்தாலும் 460 அவனை விடுமா என்பது அடுத்த சண்டை. வீட்டுக்குள் காலே வைக்காதவனை உடைப்பில் கூட்டாக ஈடுபட்டவன் என்று சொல்லலாமா என்று அதிலும் வாதம் உண்டு.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. அதில் ஒருவன் கொலை செய்தாலும் எல்லோரும் மரண தண்டனைவரை போகக்கூடிய குற்றத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் தலை எண்ணிக்கை முக்கியம். ஐந்து பேர் மீது வழக்குப் போட்டு, இரண்டு பேர் நிரபராதி என்று தீர்ப்பாகி, வேறு ஆட்கள் இருந்ததற்கும் சாட்சியம் இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

சரி, தண்டனை வந்தாகிவிட்டது. அமர்வு நீதிமன்றம் விசாரித்த வழக்கின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் எல்லாம் சென்னைக்கு. கரூர் மட்டும் 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளைக்கு. தீர்ப்பு வந்து 60 நாளைக்குள் மேல்முறையீடு போட வேண்டும். மரண தண்டனை என்றால் 30 நாள். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்றவே முடியாது. தண்டிக்கப்பட்டவர் மனுப் போடாவிட்டாலும் வழக்கு அங்கே போயே தீரும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே மேல்முறையீடு அனுப்பலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்கும். கோவை மத்தியச் சிறையிலிருந்தும் சேலம் மத்தியச் சிறையிலிருந்தும் அப்படி வரும் மேல்முறையீடுகள் உண்டு. அந்தக் கட்டுகளையும் மற்றவற்றைப் போலவே கவனமாகப் படிக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம். கொலை வழக்கில் அது சுலபமாகக் கிடைக்காது. ஆனால் மேல்முறையீடு பல வருடம் எடுக்கப்படாமலே கிடந்தால், ஒருவரை உள்ளேயே வைத்திருந்துவிட்டுக் கடைசியில் நிரபராதி என்று சொல்வதில் என்ன நியாயம் என்று 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது. இன்றைக்கும் ஜாமீன் மனுக்களில் அதை எடுத்துக் காட்டுகிறோம்.

உயர் நீதிமன்றத்தில் சாட்சிகள் யாரும் கூண்டில் ஏறுவதில்லை. இரண்டு நீதிபதிகள், டைப் அடித்த சாட்சியக் கட்டு, இரண்டு பக்க வாதம், அவ்வளவுதான். அமர்வு நீதிபதி அந்த அம்மா கூண்டில் நின்று அழுததைப் பார்த்தார், எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்று பார்த்தார். உயர் நீதிமன்றத்துக்கு அது காகிதத்தில் மட்டும்தான் தெரியும். ஆனாலும் முதல் மேல்முறையீடு என்பதால் சாட்சியம் முழுவதையும் அவர்களே புதிதாகப் படித்து எடைபோட வேண்டும். கீழ்கோர்ட்டு சொன்னது சரி என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. தண்டிக்கப்பட்டவரின் வக்கீல் வராவிட்டாலும், வரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் படித்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று 1996-இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது அந்த பல்புக்கு வருகிறேன். உயிர் பிழைத்த அம்மாதான் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி, அ.சா.1 (அரசுத் தரப்புச் சாட்சி 1). கூண்டில் ஏறி, "ஆசாரத்து லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க, அந்த வெளிச்சத்துல மூஞ்சியப் பார்த்தேன்" என்கிறார். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கிறார்: "இதை முதல் புகாரில் சொன்னீர்களா? போலீஸ் விசாரித்தபோது சொன்னீர்களா?" இரண்டிலும் அது இல்லை. அப்புறம் விசாரணை அதிகாரியிடம்: "பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் பல்பைக் காட்டியிருக்கிறீர்களா?" காட்டவில்லை. இரண்டு அந்நியர், ஒரு நிமிடம், நடு ராத்திரி, காயம், பயம். இதில் முகம் பார்த்ததற்கு ஆதாரமே அந்த வெளிச்சம்தான். அது காகிதத்தில் இல்லையென்றால், அந்த அம்மா உண்மையே சொன்னாலும் நீதிபதிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது. நல்ல விசாரணை அதிகாரிகள் பல்பு இருந்த இடத்தை வரைபடத்தில் குறிப்பார்கள், அன்று அந்த நேரத்தில் கரண்ட் இருந்தது என்று சொல்ல மின்வாரிய அதிகாரியையே சாட்சியாகப் போடுவார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் அரை மணி நேரமும்தான்.

அடையாள அணிவகுப்பிலும் இதே கதை. கைது செய்யப்பட்டவரைச் சிறையில் மாஜிஸ்திரேட் முன்னால், அதே வயது, அதே உருவம் உள்ள வேறு ஆட்களோடு நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். நீதிமன்றத்தில் காட்டும் அடையாளம்தான் உண்மையான சாட்சியம். அணிவகுப்பு அதற்குத் துணை நிற்பது. ஆனால் கைது செய்த அன்றே முகத்தைப் படம் எடுத்து, அது வாட்ஸ்அப்பில் சுற்றி, சாட்சியின் மகன் போனிலேயே வந்துவிட்டால் அப்புறம் அணிவகுப்பு நடத்தி என்ன பயன்? பார்த்த படத்தை அடையாளம் காட்டினாரா, பார்த்த ஆளை அடையாளம் காட்டினாரா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் படத்தை ஆர்வத்தோடு அனுப்பும் ஒவ்வொருவரும் செத்துப்போன பெரியவருக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள். இதை ஊரில் யாராவது ஒருத்தராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

இன்னொரு சங்கடம் உண்டு. தோட்டத்து வீட்டை நோட்டம் பார்ப்பவன் பல சமயம் முன்பின் தெரிந்தவனாக இருப்பான். தேங்காய் போட வந்தவன், தறிக்குடோனில் வேலை பார்த்தவன், ஆடு வாங்க வந்தவன். சாட்சி அவனைத் தெரியும் என்று நீதிமன்றத்தில் சொல்கிறார்; முதல் புகாரிலோ "அடையாளம் தெரியாத மூன்று பேர்" என்றிருக்கிறது. தெரிந்தவன் என்றால் பெயரை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடந்தார், புகாரை எழுதிக் கொடுத்தது அக்கம்பக்கத்துக்காரர் என்பது பதிலாக இருக்கலாம். அந்தப் பதிலும் டாக்டர் குறிப்பு, நேரம் என்று காகிதத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது நகை. இந்த வகை வழக்குகளில் பாதிச் சண்டை நகை மீதுதான். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதற்கு ஒரே ஒரு சின்ன வாசல்தான் திறந்திருக்கிறது: பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆவது பிரிவுக்குள் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம். 1946-இல், சென்னை மாகாணத்திலிருந்து போன புலுகுரி கோட்டையா வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கியது. கூரையில் கத்தியை ஒளித்துவைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்னதால் தெரியவந்தது கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதுதான். "அதால்தான் குத்தினேன்" என்று கூடவே சொன்னது சாட்சியம் ஆகாது. நம் வழக்கில் "கொன்னுட்டு எடுத்த தாலிக்கொடியைப் பம்புசெட் ரூம்ல வெச்சிருக்கேன்" என்றால், "கொன்னுட்டு எடுத்த" என்ற வார்த்தைகளை நீதிபதி அடித்துவிட்டுத்தான் படிப்பார்.

அந்த வாக்குமூலத்திலும் கைப்பற்றுதல் மகஜரிலும் சாட்சிக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் வி.ஏ.ஓ-வும் அவருடைய உதவியாளரும். அரசு ஊழியர், பிறழ்சாட்சி ஆக மாட்டார் என்ற நம்பிக்கை. மேல்முறையீட்டில் இதுவே கேள்வியாகத் திரும்பும். மூன்று பேரின் வாக்குமூலமும் ஒரே நாளில், மூன்று ஊரில் மூன்று கைப்பற்றல், எல்லாவற்றிலும் அதே வி.ஏ.ஓ. நேரத்தையும் தூரத்தையும் கூட்டிப் பார்த்தால் ஒத்துவருகிறதா? கைப்பற்றிய நகை படிவம் 95-இல் எத்தனை நாள் கழித்து நீதிமன்றத்துக்குப் போனது? நடுவில் எங்கே இருந்தது? ஊர்ப்பக்கம் வி.ஏ.ஓ-விடமே எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) நேரில் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் சில வழக்குகளில் வரும். வி.ஏ.ஓ போலீஸ் அல்ல என்பதால் அதைச் சட்டம் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை. ஆனால் முன்பின் பழக்கமில்லாத ஒருவரைத் தேடிப் போய் ஒருவன் ஏன் கொலையை ஒப்புக்கொள்வான் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் வேண்டும்.

கைப்பற்றிய நகை அந்த அம்மாவுடையதுதானா? 2023 ஏப்ரல் 1-லிருந்து கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் கட்டாயம். அதற்கு முன்னால் செய்த நகைகள் பலவற்றில், அதுவும் ஆசாரி பட்டறையில் சொல்லிச் செய்த பழைய தாலிக்கொடியில், அப்படி எதுவும் இருக்காது. அம்மாவுக்குத் தெரியும், ஐம்பது வருடம் கழுத்தில் கிடந்த பொருள், இருட்டில் தொட்டாலே தெரியும். நீதிமன்றத்தில் குறுக்குக் கேள்வி: "இதே மாதிரி கொடி கடையில் கிடைக்குமா, கிடைக்காதா?" "கிடைக்குமுங்க." அந்த ஒரு பதில் மேல்முறையீட்டுக் கட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாண போட்டோவில் அந்தக் கொடி தெரிகிறதா, கொக்கி எங்கே பற்ற வைக்கப்பட்டது, அடகு வைத்து மீட்ட பழைய ரசீதில் எடை என்ன என்று யாராவது தேடி எடுத்து வைத்திருந்தால் கதையே வேறு. உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் அடையாளம் சொல்லவே வழியில்லை. வாங்கிய பட்டறைக்காரர் சாட்சி சொன்னால் மட்டுமே அந்தக் கண்ணி ஒட்டும், அவரும் திருட்டுப் பொருள் வாங்கியவராக வழக்கில் நிற்கலாம்.

சரி, நகை அந்த அம்மாவுடையது, எதிரியிடம்தான் இருந்தது என்று நிரூபணம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவன்தான் கொலைகாரன் என்று ஆகிவிடுமா? திருட்டுப் போன சில நாளிலேயே பொருள் கையில் இருந்து, எப்படி வந்தது என்று சொல்ல முடியாதவனைத் திருடன் என்றோ, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். கொலைக்கும் அந்த ஊகத்தை நீட்டலாமா என்பதுதான் கேள்வி. 1952-இல் சன்வத் கான் வழக்கில், வேறு எந்தச் சாட்சியமும் இல்லாதபோது திருட்டுப் பொருளைக் கைப்பற்றியதை மட்டும் வைத்துக் கொலைக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் கொலைத் தண்டனையை ரத்து செய்தது. கொலையும் கொள்ளையும் ஒரே சமயத்தில் நடந்தது தெளிவாக இருந்து, மற்றச் சூழ்நிலைகளும் சேர்ந்தால் நீட்டலாம் என்று பிற்காலத் தீர்ப்புகள் சொல்கின்றன. எத்தனை நாள் கழித்துக் கிடைத்தது, கை மாறக்கூடிய பொருளா என்பதெல்லாம் பார்க்கப்படும். நம் வழக்கில் பதினெட்டு நாள். தங்கம் பதினெட்டு நாளில் எத்தனை கையும் மாறும். ஊரில் "நகையோட புடிச்சாங்க, அப்புறமும் உட்டுட்டாங்க" என்று பேசப்படும் வழக்குகளில் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டக் கேள்விதான்.

ரத்தம், கைரேகை, செல்போன், கேமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடப்பாரையில் மனித ரத்தம் என்று ஆய்வக அறிக்கை சொல்லி, யாருடையது என்று சொல்லாவிட்டால் அதன் பலம் பாதிதான். செல்போன் டவர், அந்தச் சுற்றுவட்டாரத்தில் போன் இருந்தது என்று மட்டுமே சொல்லும். அதே ஊரில் குடியிருப்பவனுக்கு எதிராக அது எதையும் நிரூபிக்காது. பக்கத்துக் கோழிப்பண்ணையிலோ தறிக்குடோனிலோ இருக்கும் கேமராப் பதிவுக்குச் சட்டப்படியான சான்றிதழ் வேண்டும் என்று 2014-இலும் 2020-இலும் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதைவிட முக்கியம், பழைய பதிவு அழிந்து புதியது ஏறுவதற்கு முன்னால் போய் எடுப்பது. மோப்ப நாய் எந்த வீட்டு முன்னால் நின்றது என்பது விசாரணைக்கு வழிகாட்டலாம், தண்டனைக்கு அடித்தளம் ஆகாது. புதிய நடைமுறைச் சட்டத்தில் ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும், சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்திருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். வி.ஏ.ஓ கையெழுத்து மீது நடந்துவரும் சண்டையில் பாதி அதனால் குறையும்.

விளக்கின் கீழ் முகம் பார்த்தது சந்தேகம் என்று ஆகிவிட்டால், வழக்கு முழுக்கச் சூழ்நிலைச் சாட்சியத்தில் தொங்கும். 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகளை வைத்தது. சாரம் இது: ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக முழுசாக நிரூபணம் ஆக வேண்டும், எல்லாம் சேர்ந்து சங்கிலியாகி, இவன் செய்தான் என்பதைத் தவிர வேறு நியாயமான விளக்கத்துக்கு இடமே இருக்கக் கூடாது. அந்தச் சூழ்நிலைகளை எல்லாம் எதிரியிடம் நேரில் கேட்டு விளக்கம் வாங்கியிருக்கவும் வேண்டும். கேட்காமல் விட்டதை அவனுக்கு எதிராக எடுக்க முடியாது.

1973-இல் சிவாஜி சகாப்ராவ் போப்டே வழக்கின் தீர்ப்பை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் பிறந்தவர். 'செய்திருக்கலாம்' என்பதற்கும் 'செய்துதான் இருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது என்ற எச்சரிக்கை அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. அதே தீர்ப்பில், எட்டாத சந்தேகங்களையெல்லாம் கற்பனை செய்து குற்றவாளிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் சாதாரண மக்களுக்குச் சட்டத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எதிரித் தரப்பு வக்கீல் முதல் பாதியைப் படிப்பார், அரசு வக்கீல் இரண்டாம் பாதியைப் படிப்பார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே தீர்ப்பில் எழுதினார் என்பதை நாங்கள் மறந்துவிடக் கூடாது. விசாரணையில் குறை இருக்கிறது என்பதற்காக மட்டும் விடுதலை செய்வதும் இல்லை. மீதியுள்ள சாட்சியம் நம்பத்தக்கதா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்தக் கண்டிப்பு எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். பயத்தில் ஒரு ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது சந்தேகம் முதலில் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பழைய வழக்கு உள்ளவன், வடக்கிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த பையன், ஊர் ஓரத்தில் கூடாரம் போட்டிருப்பவர்கள். 1871-இல் வெள்ளைக்காரன் சில சாதிகளைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று சட்டம் போட்டுப் பட்டியல் எழுதினான். நாடு முழுவதும் அந்தச் சட்டம் போனது 1952-இல்தான். பட்டியல் போனாலும் பார்வை சீக்கிரம் போவதில்லை. தப்பான ஆளை உள்ளே வைத்தால் சரியான ஆள் வெளியே, இன்னொரு தோட்டத்துக்குப் பின்னால், இட்டேரியில் நிற்கிறான். என் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

கடைசியில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்யலாம், விடுதலை செய்யலாம், குற்றத்தை மாற்றிக் குறைக்கலாம். நம் வழக்கில் நகை வைத்திருந்தவனுக்குக் கொலை போய்த் திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றம் மட்டும் நிற்கலாம்; இட்டேரியில் நின்றவன் விடுதலையாகலாம்; கடப்பாரையில் கைரேகை கிடைத்தவனுக்கு ஆயுள் அப்படியே இருக்கலாம். தண்டிக்கப்பட்டவர் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. அதற்கு அரசு தனியாகப் போட வேண்டும். செத்தவரின் குடும்பமும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2009 டிசம்பர் 31-லிருந்து, விடுதலைக்கு எதிராகவோ, குறைந்த குற்றத்தில் தண்டித்ததற்கு எதிராகவோ, இழப்பீடு போதாது என்றோ அவர்களே மேல்முறையீடு செய்யலாம். வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022-இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த மகன், தன் வக்கீல் மூலம் பல்பைப் பற்றியும் பேச வைக்கலாம்.

செத்தவரின் குடும்பத்தாருக்கு இன்னொன்றும் தெரிவதில்லை. கைப்பற்றிய நகை நீதிமன்றச் சொத்து அறையில், ஒரு உறைக்குள், சான்றுப் பொருள் எண் எழுதிக் கிடக்கும். வழக்கு முடிந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்து, மேல்முறையீடும் முடியட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவ்வளவு நாள் காக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட மதிப்புள்ள பொருள்களை நாள்பட வைத்திருக்காமல், போட்டோ எடுத்து, விவரம் எழுதி, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டால் போதும். அப்படி ஒரு மனுவுக்காகக் கையெழுத்து வாங்கப் போனபோது ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "அதை நானு போட்டுக்க முடியாது சாமி. அவரு கட்டுனது, ஊட்டுல இருந்தாப் போதும். எத்தனை நாள்ல வரும்?"